பாட்டியும் பேரனும் இரண்டாம் நம்பர் டிராமும்

சென்ற இதழில், மும்பை மாட்டுங்காவிலிருந்து கிளம்பி ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் பதினோரு நாள் பேரனோடு சுற்றிய கதையைக் கொஞ்சம் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளைக்கு அங்கே ஆபீஸ் வேலை. என் பெண் காலை முழுக்க லேப்டாப்பும் கையுமாக இருக்க வேண்டியவள். பேரனுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. அவனைப் பார்த்துக்கொள்ள நானும் போனேன். எனக்கு 63 வயது, வலது முழங்காலில் தேய்மானம், ஜெர்மன் ஒரு சொல் தெரியாது. மே மாதக் கடைசி. எந்த நாளுக்கும் எந்தத் திட்டமும் கிடையாது. இதைப் படித்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். திட்டி எழுதியவரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கைக்குழந்தையோடு வெளிநாட்டில் திட்டமே இல்லாமல் சுற்றினோம் என்று எழுதுகிறீர்கள். இது பொறுப்பில்லாத்தனம் இல்லையா மாமி? ஒரு நாள் பொழுது எப்படித்தான் போயிற்று?
(ஒரு வாசகி, செம்பூர்)

திட்டம் இருந்தது அம்மா. முதல் நாளே அது படுத்துவிட்டது. மாப்பிள்ளை எக்செல் ஷீட் போட்டு வைத்திருந்தார். ஒன்பதரைக்கு ஷோன்ப்ரூன் அரண்மனை, பன்னிரண்டுக்குச் சாப்பாடு, இரண்டுக்கு ஸ்டெஃபான் தேவாலயம். கோடையில் வியன்னா நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே ஏழு மணிக்கு எழுந்திருக்கிற பிள்ளை அங்கே விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து உட்கார்ந்து "பால்" என்றான். ஒன்பதரைக்கு அரண்மனை வாசலில் நாங்கள் நின்றபோது அவன் கணக்கில் மதியம் ஒரு மணி. தலை தொங்கிவிட்டது. எழுப்பினோம், அழுதான். மரியா தெரசா ராணி வாழ்ந்த அறைகளில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் திரும்பினோம். அன்றைக்கு மூடிய எக்செல் ஷீட்டை அப்புறம் யாரும் திறக்கவில்லை.

மறுநாள், காலைப் பொழுதை என்னிடம் விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். இரண்டே விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பதினோரு நாளும் ஒரே வீட்டில் தங்குவது, காலை பத்தரைக்குள் அந்த வீட்டுக்குத் திரும்பி அவனைத் தூங்கப் போடுவது. நடுவில் எது நடந்தாலும் சரி.

வீடு இரண்டாவது வட்டாரத்தில், டாபோர் தெருவுக்குப் பக்கத்தில். ஆறு மணிக்கு பேக்கரி திறக்கும். ஸெம்மல் என்று நம் பாவ் மாதிரி ஒரு ரொட்டி, மேலே மட்டும் மொறுமொறுப்பு. சூடாக ஒன்றை வாங்கி அவன் கையில் கொடுத்துவிட்டால் அரை மணி நேரம் கடித்துக்கொண்டிருப்பான். ஆறரைக்கு இரண்டாம் நம்பர் டிராமில் ஏறுவோம். சிவப்பு வண்டி, அந்த நேரத்தில் காலியாக வரும். கால்வாயைத் தாண்டி ரிங் சாலையில் திரும்பும். பழைய நகரத்தைச் சுற்றியிருந்த கோட்டை மதிலை இடிக்கச் சொல்லி 1857-ல் பேரரசர் ஃப்ரான்ஸ் யோசஃப் உத்தரவு போட, மதில் நின்ற இடத்தில் போட்ட சாலை அது. ஆபெரா, அருங்காட்சியகங்கள், பாராளுமன்றம் எல்லாம் அதன் ஓரத்தில்தான் வரிசையாக நிற்கின்றன. அதாவது, சுற்றுலாக்காரர்கள் பஸ் வைத்துப் பார்க்கிறதில் பாதியை நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிட்டேன். முழங்காலுக்கும் நல்லது.

அவன் கை நீட்டுகிற இடத்தில் இறங்குவோம். ஒரு நாள் நகரப் பூங்கா. அங்கே பிடில் வாசிக்கிற யோஹான் ஸ்ட்ராஸுக்குத் தங்க நிறத்தில் சிலை. அவன் சிலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு வாத்துகளைப் பார்த்தான். இன்னொரு நாள் ஷ்வார்ட்சன்பெர்க் சதுக்கத்துப் பெரிய நீரூற்று. ஐம்பது நிமிஷம், நான் மணி பார்த்தேன், அதன் முன்னால் நின்றான். தண்ணீர் உயர்ந்தால் கை தூக்குவான், தாழ்ந்தால் உட்காருவான். நானும் பெஞ்சில் உட்கார்ந்து அதன் கதையைப் போனில் தேடிப் படித்தேன். மலை ஊற்றுத் தண்ணீரை நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்திலிருந்து, பம்ப் இல்லாமல் சரிவிலேயே ஊருக்குக் கொண்டுவந்த முதல் குழாய்த் திட்டம் 1873-ல் முடிந்தபோது, அதைக் கொண்டாட வைத்த நீரூற்றாம். இரண்டாவது குழாய் 1910-ல் வந்தது. இன்றைக்கும் ஊர் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். நமக்கு 1892-லிருந்து தான்சா ஏரித் தண்ணீர் வருகிறது. அதற்கு யாராவது நீரூற்று வைத்திருக்கிறார்களா என்று யோசித்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அவனுக்கு ஆகப் பிடித்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ராட்ஹவுஸ் என்கிற நகரமன்றம் பக்கம் மெட்ரோவுக்குப் பள்ளம் தோண்டுகிறார்கள். யூ5 என்ற புதுத் தடத்துக்காக 2021-லிருந்து நடக்கிற வேலை. அங்கே ஜேசிபி நின்றது. சுமார் ஆறாயிரம் கிலோமீட்டர் பறந்து போய், தாராவியில் தினமும் பார்க்கிற ஜேசிபியை மூன்று காலை நின்று பார்த்தான். எக்செல் ஷீட்டில் இதற்கு வரிசை ஏது?

திட்டம் இல்லாமல் போனால் வழி தவறாதா? ஒரு தடவைகூட மாட்டிக்கொள்ளவில்லையா?
(ஒரு வாசகர், தானே)

மாட்டிக்கொண்டேன். ரிங் சாலையில் 2, டி, 71 எல்லாம் ஒரே தண்டவாளத்தில் ஓடுகின்றன. நான்காவது நாள், வந்து நின்றது சிவப்பு டிராம்தானே என்று நம்பர் பார்க்காமல் ஏறிவிட்டேன். அது 71. பேரன் தூங்கிவிட்டான், எனக்கும் கொஞ்சம் கண் அசந்தது. கண் விழித்தால் ஒரு பக்கம் முழுக்க நீண்ட மதில். இறங்கிப் பார்த்தேன். சுடுகாடு என்று சொல்ல மனசு வரவில்லை, ஏனென்றால் அது ஒரு ஊர். 1874-ல் திறந்த மத்தியக் கல்லறைத் தோட்டம். அங்கே புதைக்கப்பட்டவர்கள் முப்பது லட்சம் பேர். இன்றைக்கு வியன்னாவில் உயிரோடு இருப்பவர்களே சுமார் இருபது லட்சம்தான்.

வந்தது வந்தாயிற்று என்று ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். இரண்டாம் வாசலிலிருந்து கொஞ்ச தூரத்தில் இசை மேதை பீத்தோவன் கல்லறை. பக்கத்திலேயே இன்னொரு இசை மேதை ஷூபர்ட். இரண்டு பேரையும் 1888-ல் வேறு கல்லறையிலிருந்து தோண்டி எடுத்து இங்கே கொண்டுவந்து வைத்தார்களாம். யாரோ புதுப் பூ வைத்திருந்தார்கள். அவன் எழுந்ததும் புல்லில் ஒரு பிராணியைக் காட்டினான். காட்டு ஹாம்ஸ்டர். நம் மாட்டுங்கா பெருச்சாளியின் இரண்டு கன்னத்திலும் கொழுக்கட்டையை அடைத்தது போல இருந்தது. கல்லறை விளக்குகளின் மெழுகைத் தின்று கொழுக்குமாம் அது. எங்கள் வீட்டில் கிருத்திகை விளக்கின் எண்ணெயை எலி குடித்தால் அபசகுனம் என்று பாட்டி சொல்வாள். அங்கே அதைப் படம் எடுக்க ஆட்கள் காமிரா தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

சாயங்காலம் மாப்பிள்ளை இதை ஆபீஸில் சொன்னாராம். கேட்டவர் சிரித்திருக்கிறார். வியன்னாவில் ஒருவர் "71 பிடித்துவிட்டார்" என்றால் இறந்துவிட்டார் என்று அர்த்தம். நாம் "டிக்கெட் வாங்கிவிட்டார்" என்கிறோமே, அதேதான். நான் 71-ல் போய் 71-லேயே திரும்பி வந்தவள்.

விசாவுக்கு நாள்வாரியாகப் பயணத் திட்டம் கேட்பார்களே? திட்டம் இல்லை என்று எழுதிக் கொடுக்க முடியுமா?
(ஒரு வாசகர், டோம்பிவிலி)

விசாவுக்குத் திட்டம் வேண்டும், ஊர் சுற்றத்தான் வேண்டாம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். போக வர டிக்கெட் விவரம், தங்கும் இடத்தின் புக்கிங், பேங்க் ஸ்டேட்மென்ட், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, இவை எல்லாமே கேட்பார்கள். எங்கள் கடிதத்தில் "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை வியன்னாவில் இந்த விலாசத்தில்" என்று ஒரே வரிதான் இருந்தது. அது உண்மையும்கூட. ஒரே ஊர், ஒரே வீடு என்றால் பொய்யாக எதையும் அடுக்க வேண்டியதில்லை.

குழந்தைக்குத் தனி பாஸ்போர்ட், தனி விண்ணப்பம். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஆஸ்திரியாவும் சேர்ந்த ஐரோப்பிய நாடுகளின் பொது விசா, அதன் கட்டணம் 90 யூரோ, ஆறு வயதுக்குக் கீழ் கட்டணமே இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் வேறு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். கடைசிப் பதினைந்து நாளில் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். அப்பா அம்மாவில் ஒருவர் கூட வராவிட்டால் அவருடைய சம்மதக் கடிதம் கேட்பார்கள், மறந்துவிடாதீர்கள். பிள்ளைக்கு இரண்டு வயது நிறையப் போகிறதா? திரும்பி வருகிற தேதிக்குள் நிறைந்துவிட்டால் விமானத்தில் தனி சீட் வாங்க வேண்டியிருக்கும். எங்கள் தேதிகளை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்தோம்.

சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்? எங்கள் குழந்தை பருப்பு சாதம் தவிர எதையும் வாயில் வைக்காது. நெய், சத்துமாவு எல்லாம் எடுத்துப் போகலாமா?
(ஒரு வாசகி, முலுண்டு)

நெய்யை எடுத்துப் போகாதீர்கள். வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகிற பயணிகள் பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, திரட்டுப்பால் எல்லாம் அதில் அடங்கும். குழந்தைக்கான பால் பவுடருக்கும் உணவுக்கும் மட்டும் விலக்கு உண்டு. ஆளுக்கு இரண்டு கிலோ வரை, கம்பெனி பாக்கெட்டாக, ஃபிரிட்ஜ் தேவைப்படாததாக இருக்க வேண்டும். வீட்டில் வறுத்து அரைத்த சத்துமாவில் பால் பவுடர் கலக்காமல் இருந்தால் தொந்தரவில்லை. பழங்களில் வாழை, தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டூரியன் இந்த ஐந்தை மட்டும் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோகலாம். கறிவேப்பிலைக்கு அந்தச் சலுகை இல்லை. காயவைத்துப் பொடியாக்கிப் பருப்புப் பொடியில் சேர்த்துவிட்டேன்.

நெய் இல்லாமல் பருப்பு சாதமா என்று மனசு கேட்கவில்லை. வெண்ணெய் வாங்கி நானே காய்ச்சினேன். வாசனை மாடிப்படி முழுக்கப் பரவி, எதிர் வீட்டுப் பாட்டி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். ஏதோ கேட்டாள், எனக்குப் புரியவில்லை, ஒரு ஸ்பூன் கொடுத்தேன். அவள் உள்ளே போய் ஒரு ஜாடியை எடுத்து வந்து காட்டினாள். பூட்டர்ஷ்மால்ட்ஸ் என்று எழுதியிருந்தது. உருக்கின நெய்! எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் விற்கிறதாம்.

அரிசியில் மில்ஷ்ரைஸ் என்று கேளுங்கள். அவர்கள் பால் பாயசம் மாதிரி ஒன்று செய்கிற குண்டு அரிசி அது. கூட ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் நன்றாகக் குழையும். ரவை அங்கே க்ரீஸ். ரவையைப் பாலில் காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கொடுப்பது அவர்களுக்கும் பழக்கம்தான். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், அதன் கதைதான் மேலே சொன்னேனே. சின்ன ரைஸ் குக்கர் எடுத்துப் போங்கள். நம் மூன்று முள் பிளக் அங்கே சேராது, உருண்டை இரண்டு முள்ளுக்கான அடாப்டர் வேண்டும்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஹோட்டலில் சூப் தெளிவாக, சாதுவாக இருக்கும். பெரும்பாலும் அது மாட்டெலும்புச் சாறு. ரவை உருண்டை போட்டதும் அப்படித்தான். கேட்டுவிட்டுக் குடியுங்கள். கைஸர்ஷ்மார்ன் என்று பிய்த்துப் போட்ட தடித்த பான்கேக் தருவார்கள். முட்டை சாப்பிடுகிற பிள்ளைகள் அதை விடாது.

குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்?
(ஒரு வாசகி, வாஷி)

எங்களுக்கு வரவில்லை. ஆனால் நம் டாக்டரிடம் குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லி என்று எழுதி வாங்கிக்கொண்டு, மருந்தையும் கையோடு எடுத்துப் போங்கள். ஆஸ்திரியாவில் காய்ச்சல் மருந்து அப்போதேகெ என்கிற மருந்துக் கடையில் மட்டும்தான் கிடைக்கும், சூப்பர் மார்க்கெட்டில் தேடாதீர்கள். இரவில் மூடியிருந்தால் அன்று திறந்திருக்கிற கடையின் விலாசம் கதவில் ஒட்டியிருக்கும். டாக்டர் யோசனைக்குப் போன் நம்பர் 1450, ஆம்புலன்ஸுக்கு 144.

முழங்கால் வலியோடு ஸ்ட்ரோலரைத் தூக்கி ஏறி இறங்கினீர்களா? எனக்கும் அதே வலி, பெண் கூப்பிடுகிறாள், பயமாக இருக்கிறது.
(ஒரு வாசகி, சயான்)

வெளியே பயமில்லை. டிராமின் தரை ரோட்டிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இருக்காது, ஸ்ட்ரோலரை உருட்டி உள்ளே ஏற்றிவிடலாம். மெட்ரோ ஸ்டேஷன்களில் லிஃப்ட் உண்டு. ஆறு வயதுக்குக் கீழே டிக்கெட்டும் இல்லை. நடைபாதையில் பார்க்கிங் இல்லை, பானிபூரி வண்டி இல்லை. ஸ்ட்ரோலர் தானாக ஓடுகிறது. இங்கே கிங்ஸ் சர்க்கிளில் அதைப் பத்தடி தள்ளிப் பாருங்கள்!

என்னைக் கவிழ்த்தது தங்கின வீடுதான். "முதல் மாடி" என்று போட்டிருந்தது. முதல் மாடிதானே என்று லிஃப்ட் இல்லாததை யாரும் கவனிக்கவில்லை. வியன்னாவின் பழைய கட்டடங்களில் தரைத்தளத்துக்கு மேல் ஹோக்பார்ட்டேர் என்று ஒன்று, அதற்கும் மேல் மெட்சானீன் என்று ஒன்று, அப்புறம்தான் முதல் மாடி. நம் கணக்கில் மூன்று மாடி. நீங்கள் புக் செய்யும்போது எத்தனையாவது மாடி என்று கேட்காதீர்கள், எத்தனை படி என்று கேளுங்கள். நான் ஸ்ட்ரோலரைக் கீழே மாடிப்படி அடியில் விட்டுவிட்டு, அவனை அவன் காலாலேயே ஏறவிட்டேன். ஒவ்வொரு படிக்கும் அவன் நிற்பான். எனக்கும் அதே வேகம்தான்.

எல்லாம் நன்றாகவே நடந்தது போல எழுதுகிறீர்களே, திட்டம் போட்டிருக்கலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லையா?
(ஒரு வாசகர், அந்தேரி)

தோன்றியது. டயப்பர் விஷயத்தில். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும் என்று தெரியும், சனிக்கிழமையே வாங்கி வைத்துவிட்டோம். அடுத்த வாரம் ஒரு வியாழக்கிழமை மாப்பிள்ளைக்கு லீவு. அப்போதும் எங்களுக்கு உறைக்கவில்லை. எல்லோரும் பிராட்டர் தோட்டத்துக்குப் போய், 1928-லிருந்து ஓடுகிற லிலிபுட் ரயிலில் இரண்டு சுற்றுச் சுற்றினோம். ராட்சத ராட்டினத்தில் ஏறவில்லை. 1897-ல் கட்டியது, 65 மீட்டர் உயரம், பார்க்க அழகு. இந்த வயசுப் பிள்ளைக்கு அந்தப் பெட்டிக்குள் மெதுவாகச் சுற்றுவதில் என்ன இருக்கிறது, காசு மிச்சம். அப்புறம் கடைசி டயப்பரைக் கட்டிவிட்டுக் கடைக்குப் போனால் பூட்டு. அடுத்த கடையும் பூட்டு. இயேசு விண்ணேற்ற நாளாம், ஈஸ்டருக்கு நாற்பதாவது நாள், எப்போதும் வியாழனில்தான் வரும். ஊரே விடுமுறை.

என் பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது. பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கிற சூப்பர் மார்க்கெட் விடுமுறையிலும் திறந்திருக்கும் என்று வழியில் ஒருவர் சொன்னார். பிராட்டர்ஷ்டெர்ன் ஸ்டேஷன் பக்கத்தில்தான் இருந்தது. வரிசை வாசல் வரை நின்றது, நம் தாதர் ஸ்டேஷன் மாதிரி. வாங்கினோம். அதனால் சொல்கிறேன், கிளம்பும் முன் அந்த மாதத்து அரசு விடுமுறைகளை மட்டும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் அவை ரொம்ப அதிகம்.

அவ்வளவு செலவு செய்து கூட்டிப்போனீர்கள். பையனுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காதே மாமி?
(ஒரு வாசகி, மாட்டுங்கா)

இருக்காது. இந்தக் கேள்வியை என் சம்பந்தி அம்மாளும் கேட்டாள், பக்கத்துப் பிளாட்டிலும் கேட்டார்கள், நீங்கள் யார் என்றுகூட எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. மாப்பிள்ளையின் டிக்கெட்டும் வீட்டு வாடகையும் ஆபீஸ் கணக்கு. என் டிக்கெட் என் பென்ஷன். பையன் மடியில் வந்தான். அருங்காட்சியகத்துக்கும் ஓவியத்துக்கும் டிக்கெட் வாங்காததால் மிச்சமானதே கணிசம். ஓவியர் கிளிம்டின் "முத்தம்" ஓவியத்தைப் பார்க்காமல் வந்ததில் எனக்குக் கொஞ்சம் குறைதான், அது இருக்கிற பெல்வெடேர் அருங்காட்சியக வாசல் வரை போய்த் திரும்பினேன். அன்று அவனுக்கு உள்ளே போக இஷ்டமில்லை.

இரண்டாம் நம்பர் டிராம் வரும்போதெல்லாம் நான் "டூ" என்று காட்டுவேன், அவனும் சொல்வான். திரும்பி வந்து நாலைந்து மாதம் ஆகிறது. வாசலில் சிவப்பு பெஸ்ட் பஸ் எது போனாலும் "டூ, டூ" என்று கத்துகிறான்.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் ஒன்றரை வயதுப் பெண்ணோடு கிளம்புகிறோம். பெட்டியில் கட்டாயம் வைக்க வேண்டியது என்று ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
(ஒரு வாசகி, போரிவிலி)

பழைய எட்டு முழ வேட்டி. அங்கே கோடையில் சூரியன் எட்டரை ஒன்பது மணிக்குத்தான் இறங்குகிறது. பட்டப்பகலில் படுக்கப் போட்டால் எந்தப் பிள்ளை தூங்கும்? எங்கள் வீட்டுத் திரைச்சீலை சல்லடை மாதிரி இருந்தது. வேட்டியை நாலாக மடித்து ஜன்னலில் கட்டிய பிறகுதான் அறை இருட்டானது. பகலில் அதையே பூங்காவில் விரித்து உட்கார்ந்தோம், மழை வந்தபோது ஸ்ட்ரோலர் மேல் போட்டோம். துணி கிளிப் ஆறேழு சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். நான் நாலுதான் கொண்டுபோனேன், ஒரு மூலையில் வெளிச்சம் வந்துகொண்டே இருந்தது.